வி. ஜே. சித்ரா

வி. ஜே. சித்ரா (மே 2, 1992 – டிசம்பர் 9, 2020) தமிழ்த் தொலைக்காட்சி நிகழ்ச்சித் தொகுப்பாளரும் நடிகையும் ஆவார். சென்னையில் பிறந்த இவர், விஜய் தொலைக்காட்சியில் ஒளிபரப்பான பாண்டியன் ஸ்டோர்ஸ் தொடரின் முல்லை என்னும் பாத்திரத்தால் பரவலாக அறியப்பட்டார்.

பெயரிலுள்ள 'வி. ஜே.' என்பது தலைப்பெழுத்து அன்று. வீடியோ ஜாக்கி என்பதன் சுருக்கமாகிய இது, வானொலித் தொகுப்பாளரை ஆர். ஜே. என்று அழைப்பதைப் போன்றது. தொடர்களில் முதன்மைப் பாத்திரம் ஏற்ற பின்னரும் இந்த அடைமொழி அவரை விட்டு நீங்கவில்லை.

தொழில் வாழ்க்கை

உளவியலில் முதுகலைப் பட்டம் பெற்ற சித்ரா, 2013 ஆம் ஆண்டில் மக்கள் தொலைக்காட்சியில் 'சட்டம் சொல்வது என்ன' என்ற நிகழ்ச்சியின் வாயிலாகச் சின்னத்திரைக்கு அறிமுகமானார். ஜெயா தொலைக்காட்சியின் மன்னன் மகள், சன் தொலைக்காட்சியின் சின்ன பாப்பா பெரிய பாப்பா, கலர்ஸ் தமிழின் வேலுநாச்சி ஆகியவற்றில் நடித்தார். தொகுப்பாளராக இருந்து நடிப்புக்கு வருவது தமிழ்ச் சின்னத்திரையில் வழக்கமான பாதையே. எழுதிக் கொடுத்த வசனத்தை நம்பியிராமல் படக்கருவியின் முன் இயல்பாகப் பேசப் பழகியிருப்பது இப்பாதையில் வருவோருக்குக் கூடுதல் வலு.

2018 அக்டோபரில் தொடங்கிய பாண்டியன் ஸ்டோர்ஸ், மளிகைக் கடை நடத்தும் சகோதரர்களின் கூட்டுக் குடும்பக் கதை. மூன்றாவது சகோதரரான கதிரின் மனைவியே முல்லை. விருப்பமின்றி மணந்து, பின்னர் மெல்ல நெருங்கும் இணையராகக் கதிரும் (நடிகர் குமரன் தங்கராஜன்) முல்லையும் காட்டப்பட்டனர். இவ்விணைக்கென்று சமூக வலைத்தளங்களில் தனி இரசிகர் பக்கங்கள் தோன்றின. நாள்தோறும் வீட்டுக்குள் வரும் முகம் என்பதால், பார்வையாளர் பலருக்குப் பாத்திரத்தின் பெயரே நடிகையின் பெயராயிற்று.

மறைவு

2020 அக்டோபரில் சித்ரா பதிவுத் திருமணம் செய்துகொண்டார். அதே ஆண்டு டிசம்பர் 9 அன்று, படப்பிடிப்பு முடிந்து தங்கியிருந்த நசரத்பேட்டை விடுதி ஒன்றில் இறந்து கிடந்தார். திருமணமாகி ஏழு ஆண்டுகளுக்குள் ஒரு பெண் இவ்வாறு இறந்தால் வருவாய்க் கோட்டாட்சியர் விசாரிக்க வேண்டும் என்பது நடைமுறை. அவ்விசாரணையும் காவல்துறை விசாரணையும் ஒருசேர நடைபெற்றன. தற்கொலைக்குத் தூண்டியதாக அவருடைய கணவர் அதே மாதத்தில் கைது செய்யப்பட்டு, 2021 மார்ச்சில் சென்னை உயர்நீதிமன்றத்தில் பிணை பெற்றார்.

ஊடகங்களில்

விசாரணை தொடங்குவதற்கு முன்பே செய்தி அலைவரிசைகளும் யூடியூப் பக்கங்களும் தம் முடிவுகளை அறிவிக்கத் தொடங்கிவிட்டன. தொடரில் அவர் மணக்கோலத்தில் தோன்றிய காட்சிகள் மரணச் செய்தியுடன் இணைத்துக் காட்டப்பட்டன. முல்லைக்கு நேர்ந்தது போலவே தலைப்புகள் அமைந்தன. உடன் நடித்தோரும் உறவினரும் துயரத்தில் சொன்ன சொற்கள் வாக்குமூலங்கள் போல அலசப்பட்டன. அவருடைய திருமண வாழ்வும் நட்புகளும் பெயர் தெரியாதவர்களின் ஊகங்களுக்கு உள்ளாயின.

இத்தகைய செய்திகளுக்கு நெறிகள் இல்லாமல் இல்லை. உலக சுகாதார அமைப்பின் பரிந்துரைகளைத் தழுவி இந்தியப் பத்திரிகை மன்றம் 2019 செப்டம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, தற்கொலைச் செய்தியை முதன்மைப்படுத்துதலோ திரும்பத் திரும்ப வெளியிடுதலோ கூடாது. முறையை விவரித்தலும், உணர்ச்சியைத் தூண்டும் தலைப்பிடுதலும், ஒளிப்படமும் காணொளியும் பயன்படுத்துதலும் கூடாது. ஆனால் மன்றத்தின் அதிகாரம் அச்சு ஊடகத்துக்கும் செய்தி முகமைகளுக்கும் மட்டுமே உரியது. சித்ராவைப் பற்றிய பேச்சு பெருகிய தொலைக்காட்சியும் இணையமும் அதன் எல்லைக்கு வெளியே இருந்தன.

பின்னர்

பாண்டியன் ஸ்டோர்ஸ் நிறுத்தப்படவில்லை. முல்லை பாத்திரத்தைக் காவ்யா அறிவுமணி ஏற்றார். தொடர் 2023 அக்டோபரில் நிறைவுற்றது. சித்ரா முதன்மைப் பாத்திரத்தில் நடித்திருந்த கால்ஸ் என்ற திரைப்படம், அவர் மறைந்து மூன்று மாதங்கள் நிறைவடைவதற்குள், 2021 பிப்ரவரி 26 அன்று வெளியானது.

வழக்கு திருவள்ளூர் மகளிர் நீதிமன்றத்தில் நடைபெற்றது. குற்றம் மெய்ப்பிக்கப்படவில்லை என்று கூறி, 2024 ஆகஸ்டில் நீதிமன்றம் கணவரை விடுதலை செய்தது.