டர்ன்டேபிள் (மாதிரி ரயில்)

நீராவி இன்ஜினைத் திசை திருப்ப வட்டக் குழிக்குள் அமைந்த சுழலும் பாலம் டர்ன்டேபிள். சுழல்மேடை, திருப்புமேடை என்றும் எழுதுவர். லோகோ ஷெட்டில் புழங்கிய சொல்லையே இக்கட்டுரை கொள்கிறது.

தோற்றம்: நிலக்கரி வண்டிகளைத் திருப்பிய சிறு தட்டுகளே இதன் மூதாதை. இங்கிலாந்தின் டார்பியில் 1839இல் எழுந்த வட்டக் கொட்டகை, நடுவில் ஒரு மேடையும் சுற்றிலும் ஆரக்கால்போல் தண்டவாளங்களும் கொண்டது. பின்னர் உத்திர அமைப்பில் இரு வகைகள் நிலைத்தன. உத்திரங்கள் பாதைக்கு அடியில் இருந்தால் ஆழமான குழி வேண்டும். இருபக்கமும் உயர்ந்து நின்றால் குழி ஆழமற்றதாக இருக்கலாம். எடையைத் தாங்கும் முறையில் சமநிலை வகை என்று ஒன்று உண்டு; அதில் எடை முழுவதும் நடு அச்சின் மேல் விழும். டிரைவர் இன்ஜினைச் சில அங்குலம் முன்னும் பின்னும் நகர்த்தி நிறுத்துவார்; சரியாக நின்றுவிட்டால் நீண்ட கழியைப் பிடித்து இரண்டு மூன்று பேர் தள்ளினாலே அவ்வளவு பெரிய இரும்பும் திரும்பிவிடும். கார்லைலின் கோவன்ஸ் ஷெல்டன், இப்ஸ்விச்சின் ரான்சம்ஸ் அண்ட் ராப்பியர் இவ்வேலையில் பேர்பெற்ற ஆலைகள்.

தம்பானூர்: மாதிரிக்கு எடுத்துக்காட்டாக இந்நிலையத்தைக் கொள்ளலாம். கொல்லத்திலிருந்து வந்த மீட்டர் கேஜ் பாதை 1918இல் திருவனந்தபுரத்தின் சாக்கையில் நின்றது, 1931இல் ஊர் நடுவிலுள்ள தம்பானூரை எட்டியது. 1979இல் நாகர்கோவில் பாதை திறக்கும்வரை இது கடைசி நிலையம். டெண்டர் (கரியும் நீரும் சுமக்கும் வண்டி) பூட்டிய இன்ஜின் கடைசி நிலையத்தில் திரும்பாவிட்டால் டெண்டர் முன்னாலாகத்தான் ஓட வேண்டும்: பார்வை மறையும், கரித்தூள் முகத்தில் அடிக்கும். இடம் தாராளமாக இருந்தால் முக்கோணப் பாதையும் போதும். ஊர் நடுவில் குழிதான் சிக்கனம். மீட்டர் கேஜ் காலம் 1976இல் அகலப் பாதையோடு முடிந்ததால், மாதிரி செய்வோர் முதலில் ஆண்டைத் தீர்மானிக்க வேண்டும்.

ஆய்வு: டர்ன்டேபிள் இருந்த இடத்தை அறிய யார்டு வரைபடம், சர்வே ஆஃப் இந்தியா தாள், பழைய புகைப்படம் மூன்றையும் ஒப்பிடுவது முறை. குழியை மூடிய பிறகும் மண்ணில் அதன் வட்டம் தெரிவதுண்டு. வானிலிருந்து எடுத்த படத்தில் அது சிக்கும். மேடையின் நீளத்தைக் கணிக்க இன்ஜினின் முழு நீளம் உதவாது. முதல் சக்கரத்துக்கும் டெண்டரின் கடைசிச் சக்கரத்துக்கும் உள்ள தூரமே கணக்கு.

மாதிரி: 1:87 அளவில் மீட்டர் கேஜ் ஏறக்குறைய 11.5 மில்லிமீட்டர் ஆகிறது. நடைமுறையில் 12 மில்லிமீட்டர் தண்டவாளம். 65 அடி மேடை 228 மில்லிமீட்டர். மேடை அரைவட்டம் திரும்பியதும் அதன் இரு தண்டவாளங்களின் மின்முனைகளும் இடம் மாறிக் குறுக்குச்சுற்று உண்டாகும். பிளந்த வளையத் தொடர்பு வைத்தால் தீரும். கடையில் கிடைக்கும் மோட்டார் மேடைகள் இன்ஜினைப் பொம்மைபோல் சுழற்றிவிடும். கையால் மெல்லத் தள்ளுவதே மீட்டர் கேஜுக்குப் பொருந்தும். கேரளத்து மாதிரியில் குழிக்கு மழைநீர் வடிகாலும் வேண்டும். பலர் இதை மறந்துவிடுகிறார்கள்.

இன்றைய நிலை: மின்சார இன்ஜின்களுக்கு இரு முனையிலும் ஓட்டுநர் அறை உண்டு; அதனால் அவற்றைத் திருப்ப டர்ன்டேபிள் தேவையில்லை.