சிர்த்தா சபையின் துணி அறை



கி.பி. 303-ஆம் ஆண்டு மே மாதம் 19-ஆம் நாள், வட ஆப்பிரிக்காவின் நுமீதியா நாட்டிலுள்ள சிர்த்தா பட்டணத்தில், விசுவாசிகள் ஆராதனைக்குக் கூடிவந்த வீட்டுக்குள் நகர அதிகாரி முனாத்தியு பெலிக்ஸ் எழுத்தரோடு நுழைந்தார். இன்று அல்ஜீரியாவில் கான்ஸ்டன்டைன் என்று வழங்கும் ஊர் அது. ஆலயங்களை இடிக்கவும் வேதபுத்தகங்களை எரிக்கவும் பேரரசர் தியோக்கிலேத்தியன் அவ்வாண்டு பிப்ரவரியில் பிறப்பித்த கட்டளையை நிறைவேற்றவே அவர் வந்தார். கையில் அகப்பட்ட ஒவ்வொன்றும் எழுதப்பட்டது. அந்தப் பட்டியல் இன்றளவும் அழியாமல் நமக்குக் கிடைத்திருக்கிறது.

பொற்கிண்ணங்கள் 2, வெள்ளிக்கிண்ணங்கள் 6, வெள்ளிச் சாடிகள் 6, வெள்ளி விளக்குகள் 7 என்று அது தொடங்குகிறது. எந்த ஆலயத்தின் சொத்துப் பதிவேட்டிலும் இப்படிப்பட்டவை இருக்கும். அடுத்து வருவனதாம் நம்மை நிறுத்துகின்றன: பெண்களுக்குரிய அங்கிகள் 82, முக்காடுகள் 38, ஆண்களுக்குரிய அங்கிகள் 16, ஆண்களின் காலணிகள் 13 ஜோடி, பெண்களின் காலணிகள் 47 ஜோடி. உணவறையிலும் பெரிய மண்சாடிகள் இருந்தன. நூலக அலமாரிகளோ வெறுமையாயிருந்தன. வேதபுத்தகங்களை வாசகர்கள் தத்தம் வீடுகளில் வைத்திருந்தார்கள்.

இவை ஏழைகளுக்குக் கொடுப்பதற்கெனச் சேர்த்து வைத்த உடைகள் என்பதே வரலாற்றாசிரியர் பலரின் கருத்து. ஞானஸ்நானத்துக்குரிய உடைகளாயிருக்கலாம் என்போரும் உண்டு. ஆனால் 47 ஜோடி பெண்களின் காலணிகளுக்கு அந்த விளக்கம் பொருந்துவதாக எனக்குத் தோன்றவில்லை. பெண்களின் உடைகள் ஆண்களுடையவற்றைப் போல் ஐந்து மடங்கு இருப்பதைக் கவனியுங்கள். ஆதிச்சபையின் வாசலில் முதலாவது வந்து நின்றவர்கள் விதவைகள். அப்போஸ்தலர் நடபடிகள் 9-ஆம் அதிகாரத்தில் யோப்பா பட்டணத்துத் தொற்காள் செய்த அங்கிகளைக் காட்டி அழுதவர்களும் அவர்களே. ரோமாபுரி சபை 1500-க்கும் மேற்பட்ட விதவைகளையும் எளியவர்களையும் தாங்கிவந்ததாகப் பேராயர் கொர்னேலியு 251-ஆம் ஆண்டளவில் எழுதிய கடிதம் சொல்லுகிறது.

சிர்த்தாவின் பதிவில் அன்று அங்கிருந்த சபை ஊழியரின் பெயர்களும் உள்ளன. மூப்பர், உதவிக்காரர் ஆகியோருடன் குழிவெட்டுவோரும் பெயர் பெயராகக் குறிக்கப்பட்டுள்ளனர். அடக்கம்பண்ண வழியற்றவர்களின் சரீரங்களை மண்ணில் வைப்பதும் சபையின் ஊழியமாயிருந்தது. இதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்னரே கார்த்தேஜ் பட்டணத்துத் தெர்த்துல்லியன், மாதந்தோறும் அவரவர் மனப்பூர்வமாய் இடும் காணிக்கை எங்கே போகிறது என்று எழுதியிருக்கிறார்: ஏழைகளின் உணவுக்கும் அடக்கத்துக்கும், பெற்றோரற்ற பிள்ளைகளுக்கும், முதிர்ந்த வேலையாட்களுக்கும், கப்பற்சேதத்தில் யாவையும் இழந்தவர்களுக்கும், சுரங்கங்களிலும் சிறைகளிலும் கிடக்கும் விசுவாசிகளுக்கும்.

இவ்வுதவி சபையாருக்கு மட்டுமா, ஊராருக்குமா? நம் சேகரக் கமிட்டிகளில் ஆண்டுதோறும் எழும் கேள்விதான் இது. 252-ஆம் ஆண்டளவில் கார்த்தேஜைக் கொள்ளைநோய் வாட்டியபோது, நம்மவருக்கு மட்டும் நன்மை செய்வது போதாது என்று பேராயர் சிப்ரியான் போதித்ததாக அவருடைய வாழ்க்கையை எழுதிய பொந்தியு கூறுகிறார். நண்பர் சொன்னதை மிகைப்படுத்தல் என்று ஒதுக்கலாம். ஆனால் சபையின் எதிரியும் அதையே சொன்னார். கிறிஸ்தவ விசுவாசத்தை விட்டு விலகிய பேரரசர் யூலியன் 362-ஆம் ஆண்டளவில் எழுதிய கடிதமொன்றில், இந்தக் கலிலேயர் தங்கள் ஏழைகளோடு நம்முடைய ஏழைகளையும் போஷிக்கிறார்களே என்று மனம் வெதும்புகிறார். நற்சான்றுகளுள் இதைப்போல் நம்பத்தக்கது வேறொன்றை நான் அறியேன். நம் பெண்கள் ஐக்கிய சங்கத்தின் துணி சேகரிப்பும், அடக்கச் செலவுக்கான நிதியும், பிள்ளைகளின் கல்வி உதவியும் அந்தப் பழைய மரபில் வந்தவையே. ஆண்டறிக்கையின் கடைசிப் பக்கத்துக்கு அவற்றைத் தள்ளிவிடுவது நம் காலத்து வழக்கம்.

சிர்த்தாவின் பட்டியல் எப்படித் தப்பிப் பிழைத்தது என்பதையும் சொல்லவேண்டும். அந்தக் கதை இன்பமானதன்று. 303-இல் துணை உதவிக்காரனாயிருந்து, ஒரு வெள்ளிப் பேழையையும் வெள்ளி விளக்கையும் தானே கொண்டுவந்து அதிகாரியிடம் ஒப்புவித்தவன் சில்வானு. பின்னர் அவனே அச்சபைக்குப் பேராயரானான். அவனோடு பகைகொண்ட உதவிக்காரர் நுந்தினாரியு, 320-ஆம் ஆண்டில் நுமீதியாவின் ஆளுநர் செனோபிலுவின் முன் அவன்மேல் வழக்கைக் கொண்டுவந்தார். பழைய பட்டியல் சாட்சியாக அங்கே வாசிக்கப்பட்டது. அதனால்தான் அது நம் கைக்கு வந்தது.

அதே விசாரணையில் வேறொன்றும் வெளிப்பட்டது. லூசில்லா என்னும் செல்வச் சீமாட்டி 400 பணப்பைகள் கொடுத்திருந்தாள். மயோரினு என்பவர் கார்த்தேஜின் பேராயராக வேண்டும் என்பதே அவளது விருப்பம். பணத்தைப் பேராயர்கள் தங்களுக்குள் பங்கிட்டுக்கொண்டார்கள். ஏழைகளுக்கு ஏதேனும் கொடுக்கப்பட்டதா என்று ஆளுநர் சாட்சிகளைக் கேட்டார். ஒருவருக்கும் ஒன்றும் கிடைக்கவில்லை என்று அவர்கள் பதிலுரைத்தார்கள்.