காண்பியத் தொடர்பாடல் படிப்பவர்கள் ஆய்வு மூலங்களை எங்கே தேடலாம்?

வடிவமைப்பும் காண்பியத் தொடர்பாடலும் படிக்கும் நம் பிள்ளைகள் இறுதியாண்டு ஆய்வுக்குத் தலைப்பு எடுக்கும்போது பெரும்பாலும் ஒரே இடத்தில் வந்து நிற்கிறார்கள். "எங்கட இடத்தைப் பற்றி எழுதத்தான் விருப்பம் அண்ணா, ஆனால் ஒன்றுமே கிடைக்குதில்லை" என்கிறார்கள். பிறகு சுவிற்சர்லாந்துச் சுவரொட்டிகளைப் பற்றியோ, ஏதோவொரு குளிர்பான நிறுவனத்தின் இலச்சினையைப் பற்றியோ எழுதிக் கொடுத்துவிட்டுப் பட்டத்தோடு போய்விடுகிறார்கள். அச்சகத்தில் பக்க வடிவமைப்பு வேலை செய்துகொண்டே இப்படியான மாணவர்கள் சிலருக்கு நான் உதவி வருகிறேன். அவர்களுக்கு வாய்மொழியாகச் சொல்லிவந்ததை இங்கே ஒழுங்குபடுத்தித் தருகிறேன்.

"ஒன்றுமே இல்லை" என்பதில் பாதி உண்மை இருக்கிறது. 1981 மே 31 இரவு தொடங்கிய வன்முறையில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது சுமார் 97,000 நூல்களும் கையெழுத்துப் பிரதிகளும் அழிந்தன. அதே நாட்களில் ஈழநாடு பத்திரிகை அலுவலகமும் எரிக்கப்பட்டது. அதன் பின்னரான இடப்பெயர்வுகளில் அச்சகங்கள், புகைப்பட நிலையங்கள், வீட்டு அலுமாரிகள் என்று எத்தனையோ போயின. ஆனால் மிச்சம் இருப்பதும் சிறிதல்ல. அது ஒரே இடத்தில் இல்லை, ஒரே பெயரிலும் இல்லை. அதனால்தான் கண்ணில் படுவதில்லை.

தேடும் சொல்லை முதலில் சரிபார்த்துக்கொள்ளுங்கள்

நாம் "காண்பியத் தொடர்பாடல்" என்போம். தமிழகத்தில் "காட்சித் தொடர்பியல்" என்பார்கள், அல்லது சுருக்கமாக "விஸ்காம்". நாம் "சஞ்சிகை" என்பதை அவர்கள் "இதழ்" என்பார்கள். "கேலிச்சித்திரம்", "கருத்தோவியம்", "கார்ட்டூன்" மூன்றும் ஒன்றையே குறிக்கும், ஆனால் தேடுபொறி மூன்றுக்கும் ஒரே விடையைத் தராது. ஆகவே தலைப்பை முடிவு செய்தவுடன் அதற்குரிய சொற்களை ஒரு தாளில் வரிசையாக எழுதுங்கள். ஈழத்து வழக்கு, தமிழக வழக்கு, ஆங்கிலச் சொல், அதன் தமிழ் எழுத்துப்பெயர்ப்பு என்று நான்கு நிரல்கள் இருந்தால் போதும்.

அடுத்த சிக்கல் எழுத்துரு. யூனிக்கோட் பரவுவதற்கு முன்னர் இலங்கையிலும் புலம்பெயர் நாடுகளிலும் ஏராளமான வெளியீடுகள் பாமினி எழுத்துருவில் தயாராயின. அந்தக் கோப்புகளைத் திரையில் பார்த்தால் தமிழ்தான். கணினிக்கோ அது ஆங்கில எழுத்துகளின் கோவை. யூனிக்கோட்டில் "சுவரொட்டி" என்று தட்டித் தேடினால் ஒன்றும் வராது. இணையத்தில் உள்ள இலவச எழுத்துரு மாற்றி ஒன்றில் அந்தச் சொல்லைப் பாமினிக்கு மாற்றி, வரும் கோவையைக் கோப்புக்குள் தேடிப் பாருங்கள்.

ஸ்கான் செய்த பக்கங்கள் வெறும் படங்கள். அவற்றைக் கூகுள் டிரைவில் ஏற்றி, கூகுள் டொக்ஸில் திறந்தால் தமிழ் எழுத்துகள் ஓரளவுக்குப் பிரிந்து வரும். பழைய ணை, லை, றா போன்ற வடிவங்களில் அது தடுமாறும். தமிழக அரசு 1978இல் எழுத்துச் சீர்திருத்தத்தை நடைமுறைப்படுத்திய பின்னரும் நம் அச்சில் பழைய வடிவங்கள் புழங்கின. ஓர் அச்சகம் எப்போது புதிய வடிவத்துக்கு மாறியது என்பதே நல்ல ஆய்வுக் கேள்விதான்.

நூலகமும் ஆவணகமும்

முதலில் போகவேண்டிய இடம் நூலகம் நிறுவனத்தின் எண்ணிம நூலகம். 2005 முதல் ஈழத்து நூல்கள், சஞ்சிகைகள், பத்திரிகைகள், பிரசுரங்கள், நினைவு மலர்கள் ஆகியவற்றை அது இலவசமாகத் தந்துவருகிறது. ஒளிப்படம், ஒலிப்பதிவு போன்றவற்றுக்கு அதன் ஆவணகம் என்ற தளம் தனியாக உண்டு. பலர் இங்கே கட்டுரைகளை வாசிக்க மட்டுமே போகிறார்கள். வடிவமைப்பு மாணவருக்கு அட்டை, விளம்பரம், பக்க அமைப்பு, பின்னட்டையில் உள்ள அச்சகப் பெயர் எல்லாமே மூலங்கள்தான்.

ஓர் உதாரணம் சொல்கிறேன். டொமினிக் ஜீவாவின் மல்லிகை 1966இல் தொடங்கி 2012 வரை வந்தது. எழுத்தாளர்கள், கலைஞர்களின் உருவப்படங்களை அட்டையில் போடுவது அதன் வழக்கம். அந்த அட்டைகளை ஆண்டு வாரியாக அடுக்கினால், யாருடைய முகம் அட்டைக்கு வந்தது, எழுத்துக்கோப்பு எப்போது மாறியது, யுத்த ஆண்டுகளில் தாளும் அச்சும் எப்படிக் குன்றின என்பதெல்லாம் தெரியும். இன்னொன்று சிரித்திரன். 1960களில் சி. சிவஞானசுந்தரம் தொடங்கிய அந்தச் சஞ்சிகையில் அவரே ஆசிரியர், அவரே ஓவியர். சவாரித் தம்பரின் உடையையும் நிற்கும் விதத்தையும் வைத்தே யாழ்ப்பாணச் சமூகத்தைப் பற்றி ஓர் அத்தியாயம் எழுதலாம்.

ஒரு கவனம். ஸ்கான் செய்த பிரதி பக்கத்தின் உண்மை அளவையும் தாளின் தன்மையையும் காட்டாது. கறுப்பு வெள்ளையில் ஸ்கான் செய்திருந்தால் நிறமும் போய்விடும். பொருளாதாரத் தடைக் காலத்தில் கையில் கிடைத்த தாளிலெல்லாம் பத்திரிகை அச்சிட்ட வரலாறு நமக்கு இருக்கிறது. அங்கே தாளே ஆதாரம். ஆகவே தெரிவு செய்த சில பிரதிகளையாவது நேரில் பார்த்து அளந்து குறியுங்கள்.

நேரில் போகவேண்டிய இடங்கள்

இலங்கைச் சமகாலக் கலை, கட்டடக்கலை, வடிவமைப்பு ஆவணக் காப்பகம் 2013இல் யாழ்ப்பாணத்தில் தொடங்கப்பட்டது. அதைத் தொடங்கிய ரேக்கிங் லீவ்ஸ் பதிப்பகம்தான் 2011இல் தா. சனாதனனின் "முற்றுப்பெறாத தோம்பு" என்று பொருள்படும் ஆங்கிலத் தலைப்பிலான நூலை வெளியிட்டது. இடம்பெயர்ந்தவர்கள் தாம் இழந்த வீட்டை நினைவிலிருந்து வரைந்த 80 தரைப்படங்கள் அதில் உள்ளன. நம் அனுபவத்தை வடிவமைப்பின் மொழியில் எப்படி ஆய்வு செய்யலாம் என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் காட்டுவது இந்த நூலைத்தான்.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் நுண்கலைப் பிரிவும், மட்டக்களப்பில் சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகமும் மாணவர் ஆய்வேடுகளைப் பற்றி விசாரிக்க வேண்டிய இடங்கள். வெளியாருக்கு அனுமதி தேவைப்படலாம். துறைத் தலைவருக்கு முன்கூட்டியே கடிதம் எழுதிக்கொண்டு போவது நல்லது.

கொழும்பில் தேசிய சுவடிகள் திணைக்களம் முக்கியமானது. 1885ஆம் ஆண்டின் அச்சிடுவோர், வெளியிடுவோர் கட்டளைச் சட்டத்தின்படி அச்சிடப்பட்டவற்றின் பிரதிகள் அரசிடம் ஒப்படைக்கப்பட வேண்டும். யாழ்ப்பாணத்தில் எரிந்துபோன ஒரு பத்திரிகையின் பிரதி கொழும்பில் இருக்கச் சாத்தியம் உண்டு என்பது இதனால்தான். வாசகர் அனுமதிச் சீட்டு எடுக்க வேண்டும். அடையாள அட்டையும் நிறுவனக் கடிதமும் கொண்டுபோங்கள்.

கடல் கடந்து இருப்பவை

சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. கோட்டையூரில் பெயர்ப்பலகை எழுதும் ஓவியராக இருந்த முத்தையா தனி ஆளாகச் சேர்த்த தொகுப்பிலிருந்து 1994இல் அது உருவானது. பெரிய நூல்களோடு பாட்டுப் புத்தகம், துண்டுப்பிரசுரம், அழைப்பிதழ் போன்றவற்றையும் அவர் குப்பை என்று எறியவில்லை. அச்சு வடிவமைப்பை ஆராய்பவருக்கு அவைதான் பொன். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தமிழ் மின்னூலகத்தை வீட்டிலிருந்தே பார்க்கலாம். பிரித்தானிய நூலகத்தின் அழிந்துவரும் ஆவணங்கள் திட்டத்திலும் இலங்கையில் எண்ணிமப்படுத்திய தொகுப்புகள் உண்டு.

கோட்பாட்டுக்கு வேண்டிய ஆங்கில ஆய்வுகளுக்குப் பணம் கட்டத்தான் வேண்டும் என்றில்லை. 1967இல் தொடங்கிய "விசிபிள் லாங்குவேஜ்", 2007இல் தொடங்கிய "இன்டர்நஷனல் ஜேர்னல் ஒஃப் டிசைன்" ஆகியவற்றை இலவசமாக வாசிக்கலாம். ஜேஸ்டோரில் இலவசக் கணக்கு திறந்தால் மாதத்துக்கு 100 கட்டுரைகள் வரை திரையில் வாசிக்க முடியும். பூட்டிய கட்டுரை ஒன்று வேண்டுமானால் எழுதியவருக்கே மரியாதையாக ஒரு மின்னஞ்சல் அனுப்பிக் கேளுங்கள். பெரும்பாலும் அனுப்பிவைப்பார்கள்.

யுத்தத்தைக் கண்ட மற்றவர்களின் தொகுப்புகளையும் பாருங்கள். பலஸ்தீனச் சுவரொட்டித் திட்டம் பல்லாயிரம் சுவரொட்டிகளை ஆண்டு, ஓவியர், பொருள் எனப் பிரித்து இணையத்தில் வைத்திருக்கிறது. எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் புள்ளிவிபரம் விளங்க வேண்டும் என்று 1920களில் வியன்னாவில் ஒட்டோ நொய்ராத் தொடங்கிய படக்குறி முறைதான் பின்னர் ஐசோடைப் எனப்பட்டது. அவர் 1934இல் ஒல்லாந்துக்குப் போனார். 1940 மே மாதம் ஜேர்மன் படை வந்தபோது மரியுடன் சிறு படகில் ஏறி இங்கிலாந்துக்குத் தப்பினார். அங்கே தடுப்பு முகாமிலும் இருந்தார்கள். வெளியே வந்து வேலையைத் தொடர்ந்தார்கள். ஒட்டோ இறந்த பின் மரி நொய்ராத் காத்துவந்த தொகுப்பு இன்று ரெடிங் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. படகேறிய அகதிகளின் வேலை ஒரு துறையின் மூல ஆவணமாகியிருக்கிறது என்பதை நம் மாணவர்கள் அறிய வேண்டும்.

நம் கண்முன்னால் இருப்பவை

வன்னியில் வளர்ந்த எந்தப் பிள்ளைக்கும் சிவப்புப் பலகையும் மண்டையோடும் தெரியும். மிதிவெடி எச்சரிக்கைப் பலகை உயிர் காத்த காண்பியத் தொடர்பாடல். மூன்று மொழிகளையும் எப்படி அடுக்கினார்கள், எந்த உயரத்தில் நட்டார்கள், பாடசாலைகளில் கொடுத்த படங்களில் வெடிபொருட்களை எப்படி வரைந்தார்கள் என்று ஆராயலாம். ஜேம்ஸ் மடிசன் பல்கலைக்கழகம் வெளியிடும் கண்ணிவெடி அகற்றல் துறைச் சஞ்சிகையின் பழைய இதழ்கள் முழுவதும் இணையத்தில் இலவசம். நிலம் விடுவிக்கப்பட்டதும் பலகைகள் பிடுங்கப்படுகின்றன. படமெடுத்து வைக்காவிட்டால் அவையும் போய்விடும்.

வீடுகளில் இருப்பவை இன்னும் முக்கியம். அந்தியேட்டிக்கு அச்சிட்ட கல்வெட்டு, கலியாண அழைப்பிதழ், நிவாரண அட்டை, முகாம் அட்டை, புகைப்பட நிலையத்தின் முத்திரை பதித்த படம் என்று பெட்டிக்குள் எவ்வளவோ கிடக்கும். தேடும்போது ஒவ்வொன்றுக்கும் அளவு, நிறம், அச்சகப் பெயர், இடம், ஆண்டு, யாரிடமிருந்து என்ற ஆறு விபரங்களையும் அந்த இடத்திலேயே எழுதுங்கள். அளவுகோல் ஒன்றைப் பக்கத்தில் வைத்துப் பகல் வெளிச்சத்தில் படமெடுங்கள். மூலத்தை வாங்கிக்கொண்டு வராதீர்கள். பிரதி எடுத்துவிட்டு உரியவரிடமே கொடுங்கள்.

காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவுகள் வீதியில் ஏந்தி நிற்கும் படங்களைப் பற்றியும் சிலர் எழுத விரும்புகிறார்கள். எழுதத்தான் வேண்டும். ஆனால் அந்தத் தாய்க்கு அது ஆய்வுப்பொருள் அல்ல, பிள்ளை. முதலில் கதையுங்கள், எதற்காகக் கேட்கிறீர்கள் என்று விளக்குங்கள், அச்சிலும் இணையத்திலும் போடுவதற்குத் தனித்தனியாகச் சம்மதம் கேளுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். முகமும் முகவரியும் வெளியே போவதால் அவர்களுக்கு வரக்கூடிய ஆபத்தை உங்கள் புள்ளிகளோடு ஒப்பிட முடியாது.

பதிப்புரிமையும் கவனத்தில் இருக்கட்டும். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி ஒரு படைப்பின் உரிமை பொதுவாகப் படைப்பாளியின் ஆயுளோடு மேலும் 70 ஆண்டுகளுக்கு நிலைக்கும். ஆய்வுக்காக நியாயமான அளவில் பயன்படுத்த இடமுண்டு. அட்டைப் படத்தை ஆய்வேட்டில் சேர்க்கும்போது ஓவியரின் பெயரைப் போடுங்கள். நம் ஓவியர்கள் பலருக்கு அது ஒருநாளும் கிடைக்கவில்லை.

தொடங்குபவர்களுக்கு ஒரு திட்டம் சொல்வேன். முதல் கிழமை சொற்பட்டியலும் நூலகத் தேடலும். இரண்டாம் கிழமை உங்கள் ஊரில் மூடிய அல்லது இயங்கும் ஓர் அச்சகத்துக்குப் போய்ப் பழைய அச்சுக்கோப்பாளர் ஒருவரோடு கதைத்து, அனுமதியோடு ஒலிப்பதிவு செய்யுங்கள். ஈய எழுத்துக் கோத்த தலைமுறைக்கு வயதாகிவிட்டது, இதைத் தள்ளிப்போடக் கூடாது. மூன்றாம் கிழமை வாசிப்பைத் தொடங்கினால் எதை வாசிக்க வேண்டும் என்பது உங்களுக்கே தெரிந்திருக்கும். ஆய்வு முடிந்ததும், உரியவர்களின் சம்மதம் கிடைத்த படங்களையும் விபரங்களையும் நூலகத்துக்கோ உங்கள் துறை நூலகத்துக்கோ ஒப்படையுங்கள். அடுத்து வரும் மாணவர் "ஒன்றுமே கிடைக்குதில்லை" என்று சொல்லத் தேவையிருக்காது.