பிரிவு வேறு, பிளவு வேறு



நம்ம காஞ்சிபுரம் பக்கத்துக் கிராமம் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். உழவர் மன்றம் கூடுகிறது. ஏரிப் பாசனத்தில் நெல் போடுகிறவர்கள் முப்பது பேர் வந்திருக்கிறார்கள். மேட்டு நிலத்தில் கடலை போடுகிறவர்கள் ஏழெட்டுப் பேர். பேச்செல்லாம் மதகு, கலங்கல், நாற்று என்றே போகிறது. கடலைக்காரர் சுருள் பூச்சியைப் பற்றிக் கேட்க வாய் திறப்பதற்குள் கூட்டம் கலைந்துவிடுகிறது. இரண்டு கூட்டம் பொறுத்துப் பார்க்கிறார்கள். மூன்றாவது கூட்டத்தில், "நாங்க தனியா உட்கார்ந்து பேசிக்கிறோம்" என்கிறார்கள். உடனே ஒரு பெரியவர், "இன்னிக்குத் தனியா உட்காருவீங்க, நாளைக்குத் தனியாவே போயிடுவீங்க" என்கிறார்.

இதில் யார் சொல்வது சரி? இதே கேள்வி பெரிய பெரிய விஞ்ஞான சங்கங்களிலும் எழுந்திருக்கிறது. அங்கே என்ன நடந்தது என்று தெரிந்துகொண்டால், நம்ம ஊர் மன்றத்துக்கும் ஒரு வழி கிடைக்கும். அந்தக் கதையைத்தான் இன்றைக்குச் சொல்லப் போகிறேன்.

முதலில் நம்ம மாவட்டத்திலேயே தொடங்குவோம். காஞ்சிபுரத்துக்குத் தெற்கே உத்திரமேரூர். அங்கே வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இருக்கின்றன. கி.பி. 919-லும் 921-லும் வெட்டியவை. ஊர்ச் சபை ஒன்றுதான். ஆனால் அதற்குள் வேலைக்கு ஏற்ற வாரியங்கள் இருந்தன. ஏரி வாரியத்துக்கு 6 பேர், தோட்ட வாரியத்துக்கு 12 பேர், சம்வத்சர வாரியத்துக்கு 12 பேர். எல்லாரையும் குடவோலை போட்டுத் தேர்ந்தெடுத்தார்கள். நிலமும் வேதப் படிப்பும் உள்ளவர்களுக்கு மட்டுமே அதில் இடம். அந்தக் குறையை மறைக்க வேண்டியதில்லை. ஆனாலும் அவர்கள் செய்த ஏற்பாட்டில் நாம் கவனிக்க வேண்டியது மூன்று உண்டு. கடந்த மூன்று ஆண்டில் வாரியத்தில் இருந்தவர் மறுபடி வரக் கூடாது. கணக்குக் காட்டாதவருக்கு இடமே கிடையாது. மூன்றாவதுதான் முக்கியம்: ஊர்ப் பொதுக் காரியத்தைப் பார்க்கும் சம்வத்சர வாரியத்துக்கு, ஏற்கெனவே ஏரி வாரியத்திலும் தோட்ட வாரியத்திலும் இருந்து பழகியவர்களை எடுத்தார்கள். தனி வேலையில் கற்ற அனுபவம் பொதுச் சபைக்குத் திரும்பி வந்து சேர்ந்தது.

இனி விஞ்ஞான சங்கத்துக்கு வருவோம். 1660-இல் லண்டனில் ராயல் சொசைட்டி என்ற சங்கம் தொடங்கியது. வைத்தியர், கணிதம் படித்தவர், வானத்து நட்சத்திரம் பார்க்கிறவர் எல்லாரும் ஒரே கூடத்தில் உட்கார்ந்தார்கள். நாலு வருஷத்துக்குள் ஒரே கூடம் போதவில்லை. 1664-இல் எட்டுக் குழுக்களாகப் பிரித்தார்கள். வானசாஸ்திரத்துக்கு ஒன்று, ரசாயனத்துக்கு ஒன்று, இயந்திரத்துக்கு ஒன்று என்று போன அந்த வரிசையில், பயிர்த்தொழிலுக்கும் ஒரு குழு இருந்தது. உங்கள் மண் என்ன மண், எப்படி உழுகிறீர்கள், என்ன எரு போடுகிறீர்கள், விதையை எப்படித் தயார் செய்கிறீர்கள் என்று அந்தக் குழு கேள்விப் பட்டியல் தயாரித்து, 1665-இல் அச்சிட்டும் வெளியிட்டது. சில வட்டாரங்களிலிருந்து மட்டுமே பதில் வந்தது. அதே வருஷம் லண்டனில் பிளேக் நோய் பரவி, சங்கத்தின் கூட்டங்களே சில மாதம் நின்றுபோயின. பயிர்த்தொழில் குழுவும் நிலைக்கவில்லை. பாருங்கள், பெயர் வைத்து, கேள்வி எழுதிவிட்டால் மட்டும் குழு நடந்துவிடாது. அந்தக் காரியத்திலேயே வயிறு வளர்க்கிறவர்கள் அதில் இருந்தால்தான் நிற்கும்.

அடுத்து நூறு வருஷத்துக்கு மேல் தள்ளி வருவோம். அந்தச் சங்கத்துக்கு 1778 முதல் 1820 வரை தலைவராக இருந்தவர் ஜோசப் பேங்க்ஸ். செடிகொடி சாஸ்திரத்தில் பேர்போனவர். 1804-இல் தோட்டக்கலைக்கென்று தனிச் சங்கம் தொடங்கியபோது அவரும் முன்னின்றார். 1807-இல் பூமியின் பாறைகளை ஆராய்கிறவர்கள் பதின்மூன்று பேர் கூடி நிலவியல் சங்கம் ஆரம்பித்தார்கள். அதிலும் அவர் சேர்ந்தார். ஆனால் 1809-இல், அது ராயல் சொசைட்டிக்கு அடங்கிய கிளையாக இருக்க வேண்டுமா, சுதந்திரமாக இருக்க வேண்டுமா என்ற பேச்சு வந்தது. அடங்கி இருக்க மாட்டோம் என்றார்கள். பேங்க்ஸ் விலகிக்கொண்டார். 1820-இல் வானசாஸ்திரக்காரர்கள் தனிச் சங்கம் வைத்தபோதும் அவர் எதிர்த்தார். இப்படி ஒவ்வொருவராகப் போனால் தாய்ச் சங்கம் காலியாகிவிடுமே என்பது அவர் பயம். நம்ம ஊர்ப் பெரியவருடைய பயமும் இதுதான், இல்லீங்களா?

நடந்தது என்ன? தாய்ச் சங்கம் அழியவில்லை. இன்றைக்கும் இருக்கிறது. பிரிந்துபோன சங்கங்களும் இருக்கின்றன.

நம்ம நாட்டில் இந்தக் காரியத்தை வேறு விதமாகத் தொடங்கினார்கள். சென்னை மாநிலக் கல்லூரியில் ரசாயனப் பேராசிரியராக இருந்தவர் சைமன்சன். லக்னோவில் ரசாயனம் கற்பித்தவர் மக்மகான். இருவரும் ஆங்கிலேயர். இந்தியா முழுக்கச் சிதறிக் கிடக்கிற விஞ்ஞானிகள் வருஷம் ஒரு தடவையாவது சந்திக்க வேண்டும் என்று இவர்கள் முயன்றதன் பலன்தான் இந்திய விஞ்ஞான காங்கிரஸ். 1914 ஜனவரி 15 முதல் 17 வரை கல்கத்தாவில் முதல் கூட்டம். தலைவர் அசுதோஷ் முகர்ஜி. வந்தவர்கள் 105 பேர், படித்த கட்டுரைகள் 35. முதல் கூட்டத்திலேயே ஆறு பிரிவு வைத்துவிட்டார்கள்: தாவரம், ரசாயனம், இன மக்கள் ஆய்வு, நிலவியல், பௌதிகம், விலங்கியல். ரசாயனக் கட்டுரையை விலங்கியல்காரர் கேட்டுக்கொண்டு உட்கார வேண்டியதில்லை. ஆனால் தலைவர் உரைக்கு எல்லாரும் ஒரே கூடத்துக்கு வந்தாக வேண்டும். தனித்தனிப் பந்தி, ஒரே கல்யாணம் என்பது போல.

அந்த ஆறில் பயிர்த்தொழிலுக்கு இடம் இல்லை என்பதைக் கவனித்தீர்களா? 1915-இல் இரண்டாவது கூட்டம் நம்ம சென்னையில் நடந்தது. சில ஆண்டுகளிலேயே வேளாண்மைக்கும் தனிப் பிரிவு வந்தது. பின்னாளில் மொத்தப் பிரிவுகள் பதினான்கு ஆயின.

பிரிவுக்குள் கூடிப் பேசிப் பழகியவர்கள் சும்மா இருப்பார்களா? தங்களுக்கென்று தனிச் சங்கங்களும் வைத்துக்கொண்டார்கள். தாவரவியல் சங்கம் 1920-இல், ரசாயன சங்கம் 1924-இல். பிறகு நம்ம வயலுக்கு நெருங்கிய சங்கங்கள் ஒவ்வொன்றாக வந்தன. மண்ணியலுக்கு 1934, பூச்சியியலுக்கு 1938, மரபியலுக்கும் பயிர்ப் பெருக்கத்துக்கும் 1941, பயிர் நோய்க்கு 1947, உழவியலுக்கு 1955.

இதனால் நன்மை உண்டு. மண்ணைப் பற்றி மண் தெரிந்தவர்கள் கூடி வாதாடும்போது தவறான முடிவு சீக்கிரம் அடிபடும். நல்ல முடிவு சீக்கிரம் பரவும். ஆனால் ஒரு சங்கடமும் உண்டு. சங்கங்கள் பிரிந்தாலும் உங்கள் வயல் பிரியாதே! நெற்பயிர் மஞ்சளாகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். துத்தநாகச் சத்துக் குறைவாக இருக்கலாம். அது மண்ணியல்காரர் சங்கதி. துங்ரோ நோயாக இருக்கலாம். அது நோயியல்காரர் சங்கதி. ஆனால் துங்ரோ நச்சுயிரியைச் செடிக்குச் செடி சுமந்துகொண்டு போவது பச்சைத் தத்துப்பூச்சி. அது பூச்சியியல்காரர் சங்கதி. அந்த நோயைத் தாங்கும் ரகம் தருவது பயிர்ப் பெருக்கக்காரர் வேலை. நாலு பேரும் நாலு கூடத்திலேயே இருந்துவிட்டால் ஒரு வயலுக்குப் பதில் கிடைக்காது. அதனால்தான் தனிச் சங்கம் வைத்தவர்களுக்கும் பொதுக் கூடம் தேவைப்படுகிறது.

காஞ்சிபுரத்துக்காரர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதே இல்லை. கோர்வைப் புடவை நெய்வதைப் பார்த்திருப்பீர்கள். உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு ஒரு நிறம். மூன்று நாடா ஓடுகிறது. கரை நாடாவை ஓட்ட ஒரு துணையாள் பக்கத்தில் உட்காருகிறார். கரை தன் நிறத்தை விட்டுக்கொடுப்பதில்லை. ஆனால் ஒவ்வொரு இழையிலும் உடலோடு கோத்துக்கொண்டே வருகிறது. கோப்பது விட்டுப்போனால் கரை தனியாகக் கிழிந்து வந்துவிடும்.

இப்போது நம்ம மன்றத்துக்கு வருவோம். 2017-18-இல் தமிழக அரசு தொடங்கிய கூட்டுப் பண்ணையத் திட்டத்தில் இதே அமைப்புதான் இருந்தது. சிறு, குறு விவசாயிகள் 20 பேர் சேர்ந்தால் ஓர் உழவர் ஆர்வலர் குழு. அப்படி ஐந்து குழு, அதாவது 100 பேர் சேர்ந்தால் ஓர் உழவர் உற்பத்தியாளர் குழு. அந்த 100 பேர் கொண்ட குழுவுக்குத்தான் 5 லட்சம் ரூபாய் மூலதன நிதி. பண்ணை இயந்திரம் வாங்கிப் பொதுவில் பயன்படுத்தலாம். பேசுவது இருபது பேரில், வாங்குவது நூறு பேரில்.

ஆகவே கடலைக்காரர்கள் தனியே உட்காரட்டும். தடுக்காதீர்கள். தடுத்தால்தான் கோபித்துக்கொண்டு போவார்கள். ஆனால் சில கட்டுப்பாடு வேண்டும். குழுவில் கடலை போடுகிறவர்களே இருக்க வேண்டும், பேருக்கு ஆள் சேர்க்கக் கூடாது. அவர்கள் பேசியதை மாதம் ஒரு தடவை பொது மன்றத்தில் ஒருவர் எழுந்து சொல்ல வேண்டும், நெல்லுக்காரர்கள் பொறுமையாகக் கேட்க வேண்டும். உத்திரமேரூரில் செய்த மாதிரி, பொறுப்பில் இருப்பவரைக் காலத்துக்குக் காலம் மாற்றுங்கள். கணக்கை எல்லார் முன்னாலும் வையுங்கள். இயந்திரமோ, விதையோ, விலை பேசுவதோ, பலம் தேவைப்படும் காரியத்தை மட்டும் மொத்தமாகச் சேர்ந்து செய்யுங்கள்.

அந்தப் பெரியவரின் பயமும் நியாயம், கடலைக்காரரின் குறையும் நியாயம். திரும்பி வந்து பேச ஒரு பொதுத் திண்ணை இருக்கிற வரைக்கும் அது பிரிவுதான். அந்தத் திண்ணை போய்விட்டால்தான் பிளவு. அடுத்த கூட்டத்தில் திண்ணையைப் பெருக்கி வையுங்கள்.