அன்றாடக் கோடு: சாந்திநிகேதனில் வரைதல் பழக்கமான வரலாறு

இந்திய நவீன ஓவியத்தின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் முடிவுற்ற படைப்புகளையே சான்றாகக் கொள்கின்றனர். சுவரோவியங்கள், கண்காட்சிக்கு வந்த படங்கள், விருது பெற்றவை, ஏலத்தில் விலைபோனவை ஆகியவையே பேசப்படுகின்றன. ஓவியரின் பையில் கிடந்த அட்டையும், மாணவரின் குறிப்பேடும், ரயிலடியில் காத்திருந்த நேரத்தில் இழுத்த நான்கு கோடுகளும் அடிக்குறிப்பில்கூட இடம்பெறுவது அரிது. ஆனால் 20ஆம் நூற்றாண்டின் முதற்பாதியில் வங்காளத்தில் நிகழ்ந்த மாற்றத்தைப் புரிந்துகொள்ள அந்த அட்டைகளிலிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது. நாள்தோறும் வரைவது என்னும் எளிய பழக்கம் ஒரு கல்வி முறையாக உருப்பெற்றது அங்கேதான். அது எதற்கு எதிராக உருப்பெற்றது என்பதும் கவனிக்கத்தக்கது.

சென்னையில் 1850இல் அலெக்சாண்டர் ஹண்டர் தொடங்கிய பள்ளி, 1854இல் கல்கத்தாவில் தோன்றிய பள்ளி, 1857இல் பம்பாயில் ஜம்சேத்ஜி ஜீஜீபாய் பெயரால் அமைந்த பள்ளி, 1875இல் லாகூரில் நிறுவப்பட்ட மேயோ பள்ளி ஆகிய நான்கிலும், கால அளவில் வேறுபாடு இருந்தாலும், இலண்டனின் தென் கென்சிங்டன் பாடத்திட்டத்தின் நிழல் படிந்திருந்தது. அத்திட்டம் வரைதலை 23 படிகளாகப் பகுத்தது. மாணவர் முதலில் அச்சிட்ட கோட்டுருவங்களைப் பார்த்துப் படியெடுப்பார். பின்னர் வடிவியல் உருக்கள். அதன்பின் சுண்ண வார்ப்பில் அமைந்த இலைக்கொத்துகளும் கிரேக்கச் சிலைகளின் பிரதிகளும். உயிருள்ள மனித உடல் வெகு தொலைவில் இருந்த படி. ஒரே வார்ப்பின் நிழலை நுணுக்கமாகப் புள்ளியிட்டு முடிக்க மாதங்களும் ஆகலாம். அங்கும் மாணவர் நாள்தோறும் வரைந்தார். பயிற்சி குறைவு என்று எவரும் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் அவர் பார்த்தது அசையாத பொருளை. அசையாத பொருளின் முன் கண் அவசரப்பட வேண்டியதில்லை; ஆகவே எதை விடுவது, எதைக் கொள்வது என்று தெரிவு செய்யவும் வேண்டியதில்லை.

இதில் ஒரு முரணும் உண்டு. பம்பாய்ப் பள்ளியின் ஆசிரியராயிருந்த ஜான் லாக்வுட் கிப்ளிங், 1870 அளவில் வடஇந்தியக் கைவினைஞரை அவர்கள் தொழில் செய்யும் இடத்திலேயே அமர்ந்து வரைந்தார். மரம் செதுக்குவோர், நெய்வோர் என அவர் தீட்டிய உருவங்கள் இன்றும் இலண்டன் அருங்காட்சியகத்தில் உள்ளன. ஆசிரியர் தெருவைப் பார்த்து வரைந்துகொண்டிருந்த காலத்தில், அவரைப் போன்றோர் நடத்திய பாடத்திட்டம் மாணவரை வார்ப்பின் முன் அமர்த்தியது.

1896இல் கல்கத்தாப் பள்ளிக்கு வந்த ஈ. பி. ஹாவெல் ஐரோப்பியப் பிரதிகளை அகற்றி இந்திய மரபை முன்வைத்தார். மாணவர் சிலர் அதனை எதிர்த்து வெளிநடப்புச் செய்ததும், தமக்கு மறுக்கப்படுவது நவீனக் கல்வியே என அவர்கள் கருதியதும் பலரும் அறிந்த செய்திகள். அபனீந்திரநாத் தாகூர் 1905இல் அப்பள்ளியில் பொறுப்பேற்றார். அவரிடம் மாணவராகச் சேர்ந்த நந்தலால் போஸ், 1882இல் பீகாரின் கரக்பூரில் பிறந்தவர். 1909–10 குளிர்காலத்தில் கிறிஸ்டியானா ஹெரிங்காமின் குழுவோடு அஜந்தா சென்று சுவரோவியங்களைப் படியெடுத்தார். அவருடைய கோட்டின் வலிமைக்கு அஜந்தாவே காரணம் என்று வழக்கமாகச் சொல்லப்படுகிறது. அது பாதி உண்மைதான். கிரேக்க வார்ப்பின் இடத்தில் அஜந்தாவின் சுவர் வந்தது. பார்த்துப் படியெடுக்கும் செயல் மாறவில்லை. ஹாவெல் வழிவந்த மாற்றம் மாதிரியை மாற்றியதே தவிர, மாணவரின் கண் திரும்ப வேண்டிய திசையை மாற்றவில்லை.

திசை மாறியது பீர்பூம் மாவட்டத்தில். இரவீந்திரநாத் தாகூர் 1919இல் சாந்திநிகேதனில் கலாபவனத்தைத் தொடங்கினார். சில ஆண்டுகளில் நந்தலால் அதன் தலைமையை ஏற்று 1951 வரை அதில் நீடித்தார். அங்கே அரண்மனையும் இல்லை, குகையும் இல்லை. செம்மண் அரித்துப் பள்ளமாகிக் கிடக்கும் ‘கோவாய்’ நிலம், தனித்து நிற்கும் பனைகள், சந்தால் குடியிருப்புகள், வாரச் சந்தைக்குப் போகும் மாட்டுவண்டிகள் இவைதாம் கண்ணுக்கு எட்டியவை. புராணக் காட்சிகளைத் தீட்டிவந்த ஓவியருக்கு இது வறண்ட சூழலாகவே தோன்றியிருக்கக்கூடும். ஆனால் நந்தலாலின் பொருளும் நடையும் மாறியது இந்த இடத்தில்தான். கலை வரலாற்றாய்வாளர் ஆர். சிவகுமார் 1997இல் ஒருங்கிணைத்த கண்காட்சியின்வழி இம்மாற்றத்தைச் ‘சூழல்சார் நவீனத்துவம்’ எனப் பெயரிட்டு விளக்கினார். அந்தச் சூழல் ஓவியத்துக்குள் எவ்வாறு நுழைந்தது என்று கேட்டால், சிறிய அட்டைகளின் வழியாக என்று விடை சொல்லலாம்.

நந்தலால் வெற்று அட்டைகளைக் கையோடு எடுத்துச் செல்வார். நடக்கும்போது, பயணத்தில், பேசிக்கொண்டிருக்கும்போது என எந்நேரமும் வரைந்தார். அவற்றுள் பல அஞ்சலட்டைகளாக மாணவருக்கும் குடும்பத்தாருக்கும் நண்பருக்கும் போய்ச் சேர்ந்தன. ஓர் ஆடு, மழைக்கு ஒதுங்கிய ஆள், ஒரு மலையின் முதுகு, படகின் பாய் என ஒவ்வொன்றும் சில தூரிகை இழுப்புகளில் முடிந்தன. மைத்தூரிகையை இவ்வாறு கையாளும் முறைக்கு ஜப்பானிய உறவும் உண்டு. ஒகாகுரா காகுஸோவின் சிந்தனை அவரைப் பாதித்தது. 1916க்குப் பின் கல்கத்தாவில் தங்கியிருந்த அராய் காம்போவின் தூரிகை வேலையை அவர் நேரில் பார்த்தார். 1924இல் இரவீந்திரநாத்துடன் சீனாவுக்கும் ஜப்பானுக்கும் சென்றார். ஆகவே இதனைத் தூய ‘இந்திய மரபு’ என்று கொண்டாடுவதும் பொருந்தாது, மேற்கத்தியக் குறிப்பேட்டின் நகல் என்று ஒதுக்குவதும் பொருந்தாது.

இங்கே மொழியியல் நோக்கில் ஒரு செய்தி. வடமொழியில் ‘லிக்’ என்னும் வேர் கீறுதல், எழுதுதல், வரைதல் மூன்றையும் குறிக்கும். பழந்தமிழில் ‘எழுது’ என்னும் வினையும் அவ்வாறே ஓவியம் தீட்டுவதையும் குறித்தது. தொய்யில் எழுதுதல், கண்ணுக்கு மை எழுதுதல் என்னும் வழக்குகளில் அப்பொருள் நிலைத்திருக்கிறது. ஆயினும், காட்சிக்கென்று அல்லாமல் பார்வைக்கென்று விரைந்து போடும் கோட்டுக்குத் தனிச்சொல் இவ்விரு மொழிகளிலும் வேரூன்றவில்லை. வங்காளப் பேச்சில் ‘ஸ்கெட்ச்’ என்ற சொல்லே நிலைபெற்றது. தமிழிலும் நிலை அதுவே. ‘கோட்டோவியம்’ என்றால் முடிவுற்ற படைப்பைத்தான் மனம் நினைக்கிறது. சொல் இல்லாததனால் செயல் இல்லை என்று கொள்ளக்கூடாது என்பது மொழியியலின் பால பாடம். ஆனால் பெயரில்லாத செயல் பாடத்திட்டத்தில் இடம்பெறுவது கடினம் என்பதும் உண்மையே. எழுத்தும் கோடும் ஒரே பரப்பைப் பகிர்ந்துகொள்ளும் அஞ்சலட்டை, ‘எழுது’ என்பதன் பழைய இருபொருளை மீட்டெடுத்ததுபோல் தோன்றுகிறது. அதே ஆண்டுகளில் இரவீந்திரநாத்தும் ‘பூரபி’யின் கையெழுத்துப் படியில் அடித்துத் திருத்திய இடங்களை உருவங்களாக வளர்த்துக்கொண்டிருந்தார் என்பது தற்செயல்தானா என்பது ஆராயத்தக்கது.

கலாபவனத்தின் தொடக்க ஆண்டுகளில் கறாரான பாடத்திட்டமோ தேர்வோ இல்லை. அதனால் அங்கு ஒழுங்கே இல்லை என்று எண்ணுவது பிழை. மாணவர் வெளியே சென்று வரைந்து வந்தனர். ஆண்டுதோறும் குழுவாகப் பயணம் போய்க் கண்டவற்றை வரைந்தனர். நந்தலால் திருத்திய முறை பற்றி, 1940 முதல் 1942 வரை அங்கு பயின்ற சத்யஜித் ராய் பின்னாளில் நினைவுகூர்ந்த ஒரு செய்தி உண்டு. மரத்தை மேலிருந்து கீழாக இழுக்கலாகாது. மரம் வளர்வது கீழிருந்து மேலாக, ஆகவே கோடும் அவ்வழியே போக வேண்டும் என்றாராம் ஆசிரியர். முடிந்த படத்தில் கோடு எத்திசையில் இழுக்கப்பட்டது என்று பார்வையாளர் பெரும்பாலும் அறிய மாட்டார். திருத்தப்பட்டது படம் அன்று, கையின் பழக்கம். ராய் ஓவியராகவில்லை, ஆனால் ‘பதேர் பாஞ்சாலி’க்கு வழக்கமான திரைக்கதைப் பிரதிக்கு மாறாகக் காட்சிகளை வரிசையாக வரைந்து வைத்தார். பிற்காலப் படங்களுக்கு வங்காளக் கடைக்காரர் கணக்கெழுதும் சிவப்புத் துணி அட்டையிட்ட பேரேடுகளைப் பயன்படுத்தினார்.

அன்றாடப் பழக்கத்தின் பயன் வெளிப்படையாகத் தெரிந்த தருணம் 1938 பிப்ரவரியில் ஹரிபுராவில் கூடிய காங்கிரஸ் மாநாடு. காந்தியின் அழைப்பின் பேரில் நந்தலாலும் அவர் குழுவினரும் கிராமத்தார் பார்க்கும்படி ஏறத்தாழ 400 பதாகைப் படங்களை உருவாக்கினர். அவற்றுள் 80க்கு மேற்பட்டவை நந்தலாலின் கைப்பட்டவை. தாளம் கொட்டுபவர், பஞ்சு அடிப்பவர், மல்லர், வேட்டையாடி, குழந்தையோடு தாய் எனத் தடித்த கோட்டில், சில வண்ணங்களில் அமைந்தவை. இவ்வளவு குறுகிய காலத்தில் இத்தனை உடல்களை, ஒவ்வொன்றையும் அதனதன் தொழிலுக்குரிய நிலையில், மாதிரி எதுவும் எதிரில் இல்லாமல் வரைவது திறமையால் மட்டும் இயல்வதன்று. ஆண்டுக்கணக்கில் அட்டைகளில் சேர்ந்த சேமிப்பு அங்கே செலவானது. அப்படங்களின் ‘நாட்டார் எளிமை’யைப் புகழ்வோர் இதனைக் காணத் தவறுகின்றனர்.

இவ்வரலாற்றில் இரண்டு இடங்களில் தயங்கி நிற்க வேண்டும். முதலாவது, வரையப்பட்டவர்கள். சாந்திநிகேதனின் குறிப்பேடுகளில் சந்தால் மக்கள் நிறைந்திருக்கின்றனர். அவர்களைப் பார்ப்பது அன்றாடமாயிற்று, ஆனால் குறிப்பேடு அவர்கள் கையில் அன்றாடமாகவில்லை. எளிய குடும்பத்திலிருந்து வந்த ராம்கிங்கர் பைஜ் 1938இல் சிமென்டும் செம்மண் சரளையும் கொண்டு ‘சந்தால் குடும்பம்’ சிலையை எழுப்பியபோது, அந்த உடல்களுக்கு நினைவுச்சின்னத்தின் அளவைக் கொடுத்தார். அது பெருஞ்செயல். ஆயினும் பார்ப்பவர் யார், பார்க்கப்படுபவர் யார் என்ற பிரிவினை அதனால் முற்றும் நீங்கிவிடவில்லை.

இரண்டாவது, பெண்கள். வரைதல் ஒரு பழக்கமாக இந்தியாவில் முன்பே இருந்தது. அது தாளில் இல்லை, தரையில் இருந்தது. வங்காள விரத நாள்களில் அரிசி மாவுக் கரைசலால் இடும் ஆல்பனாவைப் பற்றி அபனீந்திரநாத் ‘பாங்லார் பிரதா’ நூலில் எழுதினார். கிழக்கு வங்காளத்திலிருந்து வந்த சுகுமாரி தேவி கலாபவனத்தில் ஆல்பனா கற்பித்தார். அவருக்குப் பின் நந்தலாலின் மகள்கள் கௌரியும் ஜமுனாவும் அதனைத் தொடர்ந்தனர். ஆல்பனா விரதத்துக்கும் விழாவுக்கும் உரியது; தமிழகத்துக் கோலம்போல் நாள்தோறும் வாசலில் புதுப்பிக்கப்படுவதன்று. ஆயினும் பார்த்து வரையாமல், உடல் அறிந்த கோட்டைத் தடையின்றி இடும் ஆற்றல் இரண்டுக்கும் பொது. நந்தலால் அதனைக் கலாபவனத்தின் பயிற்சிக்குள் கொண்டுவந்தது அவருடைய பெருந்தன்மை என்று மட்டும் சொல்லிவிட முடியாது. அவருக்குத் தேவைப்பட்ட ஒன்று அப்பெண்களிடம் இருந்தது. இருந்தும் கலை வரலாறு அவர்களை ‘அலங்காரம்’ என்ற பத்தியில் முடித்துவிடுகிறது.

பழக்கம் என்பது எதுவரை தாங்கும் என்பதற்குப் பினோத் பிஹாரி முகர்ஜியைக் காட்டிலும் கடுமையான சான்று இல்லை. 1904இல் பிறந்த அவருக்கு இளமையிலிருந்தே ஒரு கண்ணில் பார்வை இல்லை. மற்றதில் கடுமையான கிட்டப்பார்வை. இவரை ஓவிய மாணவராக வைத்திருப்பதா என்று நந்தலால் ஐயுற்றபோது, அவன் ஒழுங்காக அமர்ந்து கவனத்தோடு வேலை செய்கிறானா என்றே இரவீந்திரநாத் கேட்டாராம். செய்கிறான் என்றதும் அப்படியானால் விட்டுவிடச் சொன்னாராம். கையெட்டும் தொலைவில் உள்ளதையே தெளிவாகக் காணக்கூடியவர், கோவாய் நிலத்தை நீண்ட சுருள்களில் வரைந்தார். 1946–47இல் இந்தி பவனத்தின் சுவர்களில் இடைக்காலப் பக்திக் கவிஞரின் வாழ்வைத் தீட்டியபோது, முழு அளவு மாதிரியைச் சுவரில் பெயர்த்துக்கொள்ளாமல் நேராகவே வரைந்தார். உடன் உழைத்த மாணவருள், பின்னர் பரோடாவில் பல தலைமுறை ஓவியரை உருவாக்கிய கே. ஜி. சுப்ரமணியனும் ஒருவர்.

1957 அளவில் கண் அறுவைச் சிகிச்சையைத் தொடர்ந்து பினோத் பிஹாரி பார்வையை முற்றும் இழந்தார். அப்போது அவருக்கு வயது 53. அதன்பின் அவர் மெழுகில் சிற்றுருவங்கள் செய்தார். வண்ணத்தாளை வெட்டி ஒட்டினார். எழுதுகோலால் தாளில் கோடிட்டார். 1972இல், கலாபவனச் சுவர் ஒன்றுக்குச் சுடுமண் ஓடுகளால் ஒரு சுவரோவியம் அமைத்தார். அதே ஆண்டு அவருடைய பழைய மாணவர் சத்யஜித் ராய் அவரைப் பற்றி ‘தி இன்னர் ஐ’ என்னும் ஆவணப்படத்தை எடுத்தார். கறுப்புக் கண்ணாடி அணிந்த முதியவர் அதில் வேலை செய்துகொண்டிருக்கிறார்.