புரொப்ரைட்டர் யார்?

நம்ம ஊர் மளிகைக் கடை போர்டுகளில் கடைப்பெயருக்குக் கீழே சின்ன எழுத்தில் 'புரொப்:' என்று போட்டு ஒரு பெயர் இருக்கும். கடை ஒன்று, ஆள் ஒருவர், பேச்சு முடிந்தது. கடைக்கு இந்தச் சொல் பொருந்துகிறது. நிலத்தின் மேல் இதைக் கொண்டுவந்து வைத்தபோதுதான் வில்லங்கம் ஆரம்பித்தது.

லத்தீனில் 'புரோப்ரியஸ்' என்றால் தனக்கே உரியது. அந்த வேரிலிருந்து புரொப்ரைட்டர் என்ற சொல் 17ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் வந்தபோது, அரசரிடம் பட்டயம் வாங்கி அமெரிக்காவில் காலனிகளையே வைத்திருந்த பிரபுக்களைத்தான் முதலில் குறித்தது. 1663இல் இரண்டாம் சார்லஸ் கரோலினாவை எட்டுப் பேருக்கு எழுதிக் கொடுத்தாரே, அவர்கள் 'லார்ட்ஸ் புரொப்ரைட்டர்ஸ்'. அங்கே ஏற்கெனவே குடியிருந்தவர்களை யார் கேட்டார்கள்? கிழக்கிந்தியக் கம்பெனியின் பங்குதாரர்களுக்கும் இதே பெயர்தான். லண்டனில் அவர்கள் கூடிய சபை 'கோர்ட் ஆஃப் புரொப்ரைட்டர்ஸ்'. 1773க்குப் பிறகு அதில் ஓட்டுப் போட ஆயிரம் பவுன் பங்கு வேண்டும்.

அப்படிப்பட்டவர்களின் கம்பெனி வங்காளத்தில் உட்கார்ந்து 'இந்த மண்ணுக்குப் புரொப்ரைட்டர் யாரு?' என்று தேடியதில் வியப்பில்லை. வரி கேட்க ஒரு கழுத்து வேண்டுமே! 1793இல் கார்ன்வாலிஸின் நிரந்தரத் தீர்வை, வரி வசூலித்துக் கொடுத்து வந்த ஜமீன்தார்களை நிலத்தின் அசல் புரொப்ரைட்டர்கள் என்று எழுதிவிட்டது. 1802இல் அதே ஏற்பாடு சென்னை மாகாணத்துக்கும் வந்தது. அடுத்த வருஷமே ராமநாதபுரமும் சிவகங்கையும் அதற்குள் அடங்கின.

செங்கல்பட்டுப் பக்கம் கதை வேற. அங்கே நிலத்தில் உரிமை கொண்டாடியவர்கள் மிராசுதார்கள். மிராசு என்ற அரபுச் சொல்லுக்கு வாரிசுரிமை என்று பொருள். அதற்கு முந்தைய தமிழ்ப் பெயர் காணியாட்சி. திராவிட மொழிகள் தனிக் குடும்பம் என்று 1816இல் எழுதிக் காட்டிய எல்லிஸ் துரைதான் சென்னைக் கலெக்டர். மிராசு பற்றி அரசு கேட்ட பதினேழு கேள்விகளுக்கு அவர் எழுதிய பதில், சங்கரய்யாவின் குறிப்புகளோடு 1818இல் அச்சானது.

மிராசு உண்மையான சொத்துரிமைதான் என்பது எல்லிஸின் வாதம். ஆனால் அவர் தரும் விவரங்களைப் பார்த்தால் புரொப்ரைட்டர் என்ற சட்டை எங்கேயோ பிடிக்கிறது. காணியாளனுக்கு ஊரில் 'பங்கு' உண்டு. அறுதிக்கரை ஊரில் நிலத்தை ஒரேயடியாகப் பிரித்துக்கொண்டார்கள். பசுங்கரை ஊரிலோ குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை வயல்கள் கைமாறும். அப்படியானால் 'என் வயல்' எது? விளைச்சலிலும் அரசுக்கு மேல்வாரம், பயிரிட்டவருக்குக் குடிவாரம், தச்சருக்கும் தலையாரிக்கும் வெட்டியானுக்கும் ஆளுக்கொரு அளவு. மிராசுதார் தனியாக எடுத்துக்கொண்ட படிக்குப் பெயர் என்ன தெரியுமா? 'சுதந்திரம்'!

இதைப் படித்துவிட்டு, பழைய கிராமம் பங்கிட்டு உண்ட பொற்காலம் என்று கிளம்பிவிடக் கூடாது. பறையரும் பள்ளரும் அடிமைகளாக நிலத்தோடும், நிலமில்லாமலும் விற்கப்பட்டார்கள். 1843இல் வந்த சட்டம், அடிமை மீதான உரிமையை நீதிமன்றங்கள் அங்கீகரிக்கக் கூடாது என்றது. ஆளை விற்க முடியாமல் போனது. சேரியின் மனை மட்டும் யாருடையது?

1891இல் செங்கல்பட்டுக் கலெக்டர் ட்ரெமென்ஹியர் எழுதிய அறிக்கையின் நடுநரம்பே இந்தக் கேள்விதான். தலைமுறை தலைமுறையாகக் குடியிருந்த குடிசையின் அடிமண்ணும் மிராசுதாரின் கணக்கில் இருந்தது. கூலி கூடக் கேட்டால் 'மனையைக் காலி பண்ணு' என்று சொல்லலாம். தரிசு நிலத்துக்கு மனுப் போட்டாலும் மிராசுதாருக்குத்தான் முன்னுரிமை. காணி, மிராசு, புரொப்ரைட்டர் என்று மூன்று மொழிகளில் பெயர் மாறியபோதும் சேரிக்காரர் பெயர் அந்தப் பத்தியில் ஏறவே இல்லை என்பதுதான் எனக்கு உறுத்துகிறது.

அறிக்கையைத் தொடர்ந்து 1892இல் அரசாணை வந்தது. தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்ட அந்த நிலங்களைத்தான் இன்று பஞ்சமி நிலம் என்கிறோம். பிற சாதியாருக்கு விற்கக் கூடாது என்ற நிபந்தனையும் அவற்றோடு சேர்ந்தது. விற்க முடியாதவன் என்ன புரொப்ரைட்டர் என்று சட்டப் புத்தகக்காரர்கள் கேட்கலாம். நிபந்தனை இருந்தும் ஏராளமான நிலம் கைமாறிப் போயிற்று. காரணை கிராமத்துப் பஞ்சமி நிலத்தை மீட்கக் கேட்டு நடந்த போராட்டத்தில், 1994 அக்டோபரில், செங்கல்பட்டில் போலீஸ் சுட்டதில் இருவர் செத்தார்கள்.