சங்கும் திரொம்போனும்

மயிலிட்டிக் கரையில் நின்று வடக்கே நோக்கின் பாக்கு நீரிணை விரிந்து கிடக்கும். இக்கடலிலும் மன்னார்க் குடாவிலும் விளையும் சங்கு நெடுங்காலம் வாணிபப் பொருளாய் விளங்கியது. மாந்தை அகழாய்விற் சங்கறுத்த கழிவுகள் கிடைத்துள்ளன. ஒல்லாந்தர் காலத்தில் யாழ்ப்பாணச் சங்குகள் வளையல் செய்தற்பொருட்டு வங்காளத்துக்கு ஏற்றப்பட்டன. ஈண்டு ஆராயப் புகுவதோ, அறுக்கப்பட்ட சங்கினையன்று, ஊதப்படும் சங்கினையே.

சங்கை வழிபாட்டுப் பொருளாகவே போற்றிவந்த நாம், அது காற்றுக் கருவிகளுள் எக்குடியைச் சார்ந்தது என எண்ணிப் பார்த்தது அரிது. நாதசுரத்தில் ஒலியைப் பிறப்பிப்பது சீவாளி. புல்லாங்குழலில் துளையின் விளிம்பு. சங்கிலோ ஊதுபவரின் உதடுகளே துடிக்கின்றன. சுருளினுள் அடைபட்ட காற்று அத்துடிப்பை ஏற்றுத் தனக்கியல்பான சுருதியில் முழங்குகின்றது. மேலைநாட்டுத் திரொம்போன் ஒலிப்பதும் இம்முறையாலேயே. ஆதலின் இரண்டும் ஒரு குடிப் பிறந்தவை. (ஒலியைப் பொறுத்தவரை வலம்புரிக்கும் இடம்புரிக்கும் வேற்றுமையில்லை, வேற்றுமை விலையிலேயாம்.)

இக்குடி மிகப் பழையது. பிரான்சின் மார்சூலாக் குகையில் 1931இல் எடுக்கப்பட்ட பெருஞ்சங்கொன்று நீர் பருகுங் கலம் எனவே பல்லாண்டு கருதப்பட்டது. அதன் நுனி ஊதுதற்காக உடைக்கப்பட்டதென்றும், வயது ஏறத்தாழ 18,000 ஆண்டென்றும் 2021இல் வெளிவந்த ஆய்வு காட்டிற்று. அதனை ஊதுவித்து மூன்று சுரங்களையும் பதிவுசெய்தனர்.

குழல் நீளின் சுருதி தாழும், குறுகின் உயரும். சங்கின் நீளமோ மாறாதது. 15ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியக் கம்மியர் இத்தடையைக் கடந்தனர். வளைந்த இரட்டைக் குழாயொன்றை மற்றோர் இணைக் குழாயின்மேல் முன்னும் பின்னும் நழுவச் செய்தனர். குழாய் இரட்டையாதலின், கை ஒரு சாண் நகர்ந்தால் காற்றின் வழி இரு சாண் நீளும். நிலைகள் ஏழு, அடுத்தடுத்த நிலை ஒவ்வொன்றும் சுருதியை அரைச்சுரம் தாழ்த்தும். இன்றைய கருவியில் மூடிய நிலையிற் குழலின் நீளம் ஏறக்குறைய 9 அடி. நழுவுங் குழாயில் நிலைகளைக் காட்டும் அடைப்பு எதுவுமில்லை; வாசிப்போர்க்குச் செவியே வழிகாட்டி. தேவாலயப் பாடகரின் குரலைத் தொடர்ந்து இசைத்தற்கு இஃது ஏற்ற உதட்டுக் கருவியாயிற்று. 1808இல் அரங்கேறிய பேதோவனின் ஐந்தாம் சிம்பனியும் இதற்கு இடமளித்தது.

நம்மிடம் எக்காளமும் கொம்பும் திருச்சின்னமும் இருந்தன. உலோகம் வார்க்கும் திறனில் நம் கம்மியர் எவர்க்கும் இளைத்தவரல்லர். பின் நழுவுங் குழல் இங்குத் தோன்றாதது ஏன்? இராகத்தை விரித்துரைக்க நாதசுரம் இருந்தமையே காரணம் என்பது என் துணிபு. உதட்டுக் கருவியிடம் நாம் வேண்டியது அழைப்பு ஒன்றையே: பூசைக்கு, புறப்பாட்டுக்கு, இறுதிப் பயணத்துக்கு. அழைப்புக்கு ஒரு சுரம் போதும். ஆலையின் நேரவொலியையும் தமிழ்நாட்டார் 'சங்கு' என்றே வழங்கினர்.

ஆயின் அழைப்புக்குக் கேட்போர் வேண்டும். 1990இல் மயிலிட்டி மக்கள் இடம்பெயர, ஊர் உயர்பாதுகாப்பு வலயத்துள் அடங்கிற்று. துறைமுகமும் அதனைச் சார்ந்த 54 ஏக்கர் நிலமும் 2017 யூலை 3ஆம் நாள் மீண்டன. இடைப்பட்ட 27 ஆண்டும் விடியற் பூசையின் சங்கொலி கேட்டு விழித்தெழ அங்கு ஊரார் இருக்கவில்லை.